கோடையிலும் விடாத மழை: வீட்டுத்தோட்டமும் நாட்டுக்கோழியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை என்றால் வெயில்தானே? மழைக்கு எதற்குத் தனியாக ஒரு கேள்வி-பதில்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், குலசேகரத்தை ஒட்டிய ஊரில் இருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகள் சித்திரையில் தண்ணீருக்கு அலையும்போது எங்களுக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்து இடியோடு மழை ஊற்றும். அது ஓய்வதற்குள் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பெரியவர்கள் அதை இடவப்பாதி என்பார்கள். சில வருடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இடைவெளி கிடைப்பதில்லை. 2021 மே மாதம் டவ்தே, யாஸ் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் உருவானபோது குமரி நனைந்து ஊறிப்போனது. 2024 மே 17 அன்று பக்கத்தில் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. 2025இல் கேரளத்தில் பருவமழை வழக்கமான ஜூன் 1க்குப் பதிலாக மே 24 அன்றே தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட கோடையில் 12 சென்ட் விளையும் (தோட்டத்தை நாங்கள் விளை என்போம்) பதினெட்டுக் கோழிகளும் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வடக்கே இருப்பவர்களுக்கு இதில் பாதி ஐப்பசி, கார்த்திகைக்குப் பொருந்தும்.

கோழி மழையில் நனைந்தால் செத்துப்போகுமா?

வளர்ந்த நாட்டுக்கோழி சாகாது. நனைந்த கோழி திண்ணையில் ஏறி உதறிவிட்டு, இறகை அலகால் கோதி, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டை மழை பெய்தால்தான் வெளியே போகும், மண்புழு தேடி. கோழியைக் கெடுப்பது இரவில் படுக்கும் இடத்தில் இருக்கிற ஈரம். பகலில் எவ்வளவு நனைந்தாலும் சரி, பொழுதடைந்ததும் காய்ந்த இடத்தில், எதிர்க்காற்று படாமல் ஏறி உட்கார ஒரு கம்பு இருக்க வேண்டும்.

குஞ்சு வேறு. இறகு முழுதாக முளைக்காத குஞ்சு ஒரு தூறலில் நனைந்து விறைத்தாலே போய்விடும். ஐந்து, ஆறு வாரம் ஆகும்வரை குஞ்சுகளையும் தாயையும் மழை நேரத்தில் வெளியே விடாதீர்கள்.

கூட்டுக்குள் நாற்றம் தாங்கவில்லை. சுண்ணாம்பு தூவினால் போதுமா?

போதாது. எல்லாரும் முதலில் செய்யும் தவறு இதுதான். எச்சத்தில் ஈரம் சேரும்போது அமோனியா கிளம்புகிறது, அந்தக் காரநெடிதான் கண்ணை எரிக்கிறது. ஈர எச்சத்தின் மேலேயே சுண்ணாம்பைக் கொட்டினால் அந்த வாயு குறையாது, இன்னும் அதிகமாகவே வெளியேறும். கூட்டின் தரையில் பரப்பியிருக்கும் நனைந்த கூளத்தை அள்ளி எடுத்து, தரையைக் கூட்டி, கோழிகள் வெளியே இருக்கும்போது வெறும் தரையில் மெல்லிசாகச் சுண்ணாம்பு தூவி, அது காய்ந்த பிறகு புதுக் கூளம் போட வேண்டும்.

நாற்றத்தை நின்றுகொண்டு மோந்து பார்க்காதீர்கள். கூட்டுக்குள் குந்தி, கோழியின் தலை உயரத்துக்கு உங்கள் மூக்கைக் கொண்டுபோங்கள். அங்கே கண் கரித்தால் கோழிக்கு இரவு முழுக்க அதே கரிப்புதான்.

கூளத்துக்கு நெல் உமிதான் நல்லது. மர மில்லில் கிடைக்கும் தூள், காயவைத்த தென்னை நார்க்கழிவு இரண்டும் பரவாயில்லை, நன்றாகக் காய்ந்திருந்தால். வைக்கோல் மழைக்காலத்துக்கு ஆகாது. ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை கட்டிவிடும். நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறிவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் கிளற வேண்டிய நேரம். உருண்டை உடையாமல் உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை நான் தினமும் சாயங்காலம் கோழி அடைக்கும் முன் இதைச் செய்கிறேன். அரை நிமிட வேலை.

இன்னொன்று, மழைச் சாரல் அடிக்கிறதென்று கூட்டை நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். உள்ளே கோழி விடும் மூச்சே ஈரமாகித் தகரத்தின் அடியில் துளித்துச் சொட்டும். சாரல் வரும் மேற்குப் பக்கத்தை மட்டும் மூடுங்கள். மற்றப் பக்கங்களில் கூரையை ஒட்டி ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். கூரையின் இறப்பு (வெளியே நீளும் ஓரம்) இரண்டடியாவது வெளியே நீட்டியிருந்தால் தார்ப்பாயே தேவைப்படாது. தண்ணீர்ப் பாத்திரத்தையும் கூட்டுக்குள் வைக்காதீர்கள். பாதி ஈரம் வானத்தில் இருந்து வருவதில்லை, அந்தப் பாத்திரத்தை மிதித்துக் கொட்டுவதில் இருந்துதான் வருகிறது.

மழைக்காலத்தில் அடை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் குஞ்சு பொரிக்கப்போகும் நாளை எண்ணிப் பார்த்து வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். அதற்கு அடுத்த மூன்று வாரம்தான் குஞ்சுக்குக் கண்டம். அந்த மூன்று வாரம் ஜூன் நடுவில் விழுந்தால் நான் வைக்க மாட்டேன்.

வைத்தே ஆக வேண்டும் என்றால் காய்ந்த மணலும் சாம்பலும் போட்ட கூடையில், தரையில் இருந்து உயரமாக, ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். மழைநாளில் எடுத்த சேறு படிந்த முட்டையைக் கழுவி அடை வைக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், கிருமி உள்ளே நுழையும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

தாய் இல்லாமல் வாங்கிவந்த குஞ்சென்றால் முதல் வாரம் 35 டிகிரிச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்குப் போட்டுப் பழைய குண்டு பல்பு மாட்டுங்கள். எல்இடி பல்பில் சூடு வராது. இதைச் சொல்லக் காரணம், இரண்டு பேர் என்னிடம் வந்து "பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, எப்படிச் செத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இடி இடித்தாலே கரண்ட் போகும் என்பதால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைப்பேன். கரிச்சட்டி வைத்தால் மூடிய அறையில் புகையே குஞ்சைக் கொன்றுவிடும்.

எந்தக் கழிச்சல் ஆபத்தானது?

மூன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

மழையில் இரை மாறியதால் வரும் தண்ணீர்க் கழிச்சல் ஒன்று. கோழி சுறுசுறுப்பாக இருக்கும், தின்னும். இரண்டு நாளில் தானே சரியாகும்.

இரண்டாவது ரத்தக்கழிச்சல். இது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு வரும். குஞ்சு இறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, ஒரே இடத்தில் குறுகி நிற்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடுகள் எச்சத்தோடு வெளியே வரும்போது நோய் பரப்பும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் 25-30 டிகிரி வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அந்த நிலையை அடைகின்றன. குமரியின் மே மாதக் கூளத்தில் இரண்டும் கிடைக்கும். 2021 மே கடைசியில் எனக்கு அதுதான் நடந்தது. மர மில்லில் இருந்து வாங்கிய தூள் உள்ளே ஈரமாக இருந்தது, மேலாக மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டேன். நான்கு வாரக் குஞ்சுகள் பதினொன்றில் ஏழு நான்கு நாளில் போயின. மிச்சம் நான்கும் தப்பியது கால்நடை மருந்தகத்தில் கொடுத்த ஆம்ப்ரோலியத்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததாலும், கூளம் முழுவதையும் மாற்றியதாலும்தான். கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

மூன்றாவது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பு மருந்துதான் வழி. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா ஒரு சொட்டு, நான்காவது வாரம் இன்னொரு முறை, எட்டாவது வாரம் இறக்கையின் தோலடியில் ஆர்2பி ஊசி. கால்நடைத் துறை வருடம்தோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. மழைக்கு முன்னால் போடுவதற்குச் சரியான நேரம் அது. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் ஊசி போட்டும் போடாததுதான்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வருகிறதே?

அம்மை. கொசு பரப்புகிறது, அதனால்தான் மழை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் தெருவெல்லாம் வரும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவோம். புண்ணில் ஈ மொய்க்காது, சீக்கிரம் காயும், ஆனால் வைரஸைக் கொல்லாது. கண் மூடிக்கொண்ட கோழிக்கு இரையும் தண்ணீரும் தெரியாது, அதனால்தான் பாதி சாகின்றன. கையில் பிடித்து ஊட்டிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். வாய்க்குள் மஞ்சளாகப் படிந்து மூச்சு திணறினால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் இதற்கும் தடுப்பூசி உண்டு.

சிரட்டை, உடைந்த சட்டி, டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுங்கள். ரப்பர் மரம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் பால் எடுக்காத கப்புகளையும் கவிழ்க்க வேண்டும். அங்கே பெருகும் கொசு கோழியை மட்டும் கடிப்பதில்லை, டெங்குவும் அதில்தான் வருகிறது.

முட்டை திடீரென்று குறைந்துவிட்டது. வெளிச்சக் குறைவா?

ஓரளவுக்குத்தான். பெட்டைக்கு நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது சரி. ஆனால் குமரியில் ஜூனில்கூடப் பகல் சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான், வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. மேகமூட்டத்தில் கூட்டுக்குள் இருட்டாக இருந்தால் விடியற்காலையில் ஒரு சின்ன எல்இடி போட்டுப் பாருங்கள், தப்பில்லை.

அதற்கு முன்னால் வேலிப் பக்கத்தையும் விறகு அடுக்கின் பின்புறத்தையும் தேடுங்கள். முட்டைப்பெட்டி நனைந்திருந்தால் கோழி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். போன வருடம் எங்கள் வீட்டில் கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியலுக்குப் பின்னால் பதினாலு முட்டை கிடந்தது, நாங்கள் கீரியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஈசல் தின்றால் கோழிக்கு ஏதாவது செய்யுமா?

ஒன்றும் செய்யாது, கொண்டாட்டம்தான். முதல் மழை பெய்த சாயங்காலம் விளக்கடியில் விழும் ஈசலைக் கூட்டி வைத்துக் காலையில் போடுங்கள். இரைப்பை புடைக்கத் தின்னும், அன்றைக்குத் தீவனம் மிச்சம். குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கும் பழைய முறையையும் மழை நின்ற நாட்களில் செய்யலாம். ஒரு மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய ஏறியிருக்கும்.

தீவனத்தில் கொஞ்சம் பூஞ்சை. வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. காயவைத்தால் பூஞ்சை சாகலாம், அது விட்ட நஞ்சு சாகாது. கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் சுமார் ஒரு லட்சம் செத்து, காரணம் தெரியாமல் தேடியபோது, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டை குறையும், போட்ட தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது.

மழை மாதங்களில் பத்து நாளுக்கு மேல் தேவைப்படும் தீவனத்தை வாங்கி அடுக்காதீர்கள். விலை குறைவென்று ஒருமுறை இரண்டு மூட்டை வாங்கி, இரண்டாவது மூட்டையைப் பிரித்தபோது கட்டி கட்டியாக நீலம் பூத்திருந்தது. எருக்குழிக்குக்கூடப் போட மனமில்லாமல் புதைத்தேன், கோழி கிளறித் தின்றுவிடுமே. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மரச்சீனி (மரவள்ளி) இலை விளையில் ஏராளம் கிடக்கிறது. கோழிக்குப் போடலாமா?

பச்சையாக வேண்டாம். இலையிலும் கிழங்கின் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆடு தின்று செத்த கதை எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. நன்றாக வெயிலில் காயவைத்தால் பெருமளவு போய்விடும், ஆனால் மழைக்காலத்தில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? முருங்கைக் கீரை போடுங்கள்.

கோழி எருவை அப்படியே செடிக்குப் போடலாமா?

பச்சை எருவில் தழைச்சத்து காரமாக இருக்கும், வேரைக் கருக்கிவிடும். கீரைக்குப் போட்டால் கிருமியும் இலையில் தெறிக்கும். காய்ந்த சருகு, நார்க்கழிவு, கொஞ்சம் சாணி சேர்த்து அடுக்கி, மேலே ஓலையோ தகரமோ போட்டு மூடி, இரண்டு மூன்று மாதம் மக்கவிடுங்கள். மூடி முக்கியம். திறந்து கிடக்கும் எருக்குவியலில் மழை விழுந்தால் சத்தெல்லாம் கறுப்புத் தண்ணீராக ஓடிவிடும், மிஞ்சுவது சக்கை. எங்கள் செம்மண் சரிவில் மண்ணுக்குள் போட்டதே நிற்காது. அதனால் மழைக்காலத்தில் ஒரே தடவையாக வாரிக் கொட்டாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிரட்டை அளவு போடுவதே பலன் தரும்.

இந்த மழையில் என்னதான் நடுவது?

தக்காளியை விட்டுவிடுங்கள். இலை கருகும், பூ உதிரும், தப்பிப் பழுத்த பழமும் தண்ணீர் குடித்து வெடிக்கும். அதற்கு மழைமறைப்பு போட்டு, மருந்தடித்து, கடைசியில் ஒரு கிலோ பறித்துக் கணக்குப் பார்த்தால் சந்தையில் வாங்குவது மலிவு. கொத்தமல்லியும் அப்படித்தான்.

இந்தப் பருவத்தின் ராஜா கிழங்குகள்தான். மஞ்சள், இஞ்சி, சேம்பு, காச்சில் (பெருவள்ளிக்கிழங்கு) எல்லாம் கோடை மழையின் ஈரத்தில் முளைத்து, பருவமழையில் தழைத்துக்கொள்ளும். சேனையை மாசியிலேயே புதைத்திருக்க வேண்டும். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடாவிட்டால் கிழங்கு அழுகிவிடும். வெண்டை, கத்தரி, நீளப்பயறு தாக்குப்பிடிக்கும். பயறில் அசுவினியை மழையே கழுவிவிடும், அது ஒரு லாபம். தடியங்காய் (வெண்பூசணி), பீர்க்கு, பாகல், புடலை பந்தலில் ஏறட்டும். தடியங்காயைத் தரையில் படரவிட்டால் காயின் அடிப்பக்கம் அழுகும், ஒரு ஓட்டுத்துண்டை அடியில் வையுங்கள்.

மாடியில் பை வைத்திருப்பவர்கள் பைகளைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். அடியில் உள்ள துளைகள் அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். பையில் தண்ணீர் தேங்கியதால் செத்த செடி வாடித்தான் தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாற்று முளைத்து நான்கு நாளில் அடித்தண்டு இளைத்துச் சாய்ந்துவிடுகிறது.

நாற்றழுகல். விதையை நெருக்கமாகத் தூவியதாலும் மண் காயாததாலும் வரும் பூஞ்சை நோய். மழைக்குள் விதைப்பதானால் பாதி மணல் கலந்த மண்ணில், கூரை இறப்புக்கு அடியில், நீர் சொட்டாத இடமாகப் பார்த்து விதையுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) என்பது கணக்கு. வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். தண்ணீர் காலையில் மட்டும் ஊற்றுங்கள், சாயங்காலம் வேண்டாம்.

செங்கீரை இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து வலை மாதிரி ஆகிவிட்டது.

மண்ணில் இருக்கும் பூஞ்சை மழைத்துளி தெறிப்பதில் இலையில் ஏறுகிறது. சிவப்புக் கீரைக்குத்தான் அதிகம் வரும், பச்சைத் தண்டுக்கீரை தாங்கும். இரண்டையும் கலந்து விதைத்தால் பரவுவது குறைகிறது. மண்ணின் மேல் காய்ந்த சருகு பரப்பித் தெறிப்பைத் தடுங்கள். புள்ளி விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த விதையை வேறு பாத்தியில் போடுங்கள்.

பீர்க்கும் பூசணியும் பூக்கிறது, காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகிறது.

மழையில் தேனீ வரவில்லை, மகரந்தமும் நனைந்துவிட்டது. நீங்கள்தான் தேனீ வேலை பார்க்க வேண்டும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைப் பிய்த்து நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள்.

நேரம்தான் இதில் எல்லாம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் பூசணிப்பூ சுருங்கிவிடும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம்தான் விரியும். காலையில் பீர்க்கம் பூவைத் தடவிவிட்டு "பலிக்கவில்லை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். மதியமே மழை வரும்போலிருந்தால் விரியப்போகும் பெண் பூவுக்கு ஒரு காகிதப் பொட்டலம் தொப்பியாகக் கவிழ்த்துவிடுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இரவோடு இரவாக நத்தை எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. உப்புப் போடலாமா?

செடியடியில் போடாதீர்கள், மண் கெட்டுவிடும். உள்ளங்கை நீளத்துக்கு வளரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை இது. 1847இல் மொரீசியசில் இருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டதுதான் இந்தியாவில் தொடக்கம் என்கிறார்கள். ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால் ஒவ்வொன்றும் முட்டையிடும், ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில்.

நனைத்த சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தண்டோ போட்டு வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துப் போனால் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போட்டு, பிறகு குழியில் புதையுங்கள். வெறுங்கையால் தொடவே வேண்டாம். எலியின் நுரையீரல் புழு இதன் வழியாக மனிதருக்கு வந்து மூளைக்காய்ச்சல் உண்டாக்கும். மழைக்காலத்தில் கீரையை இலை இலையாகக் கழுவி, நன்றாக வேகவைத்துத் தின்னுங்கள். வாத்து இருந்தால் சின்ன நத்தைகளைத் தின்று தீர்க்கும். கோழி அவ்வளவு அக்கறை காட்டாது.

நல்லமிளகுக் கொடி ஒரே வாரத்தில் வாடிக் கறுத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

வாடிய கொடியை முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். அது மழை தொடங்கும்போது வரும் துரிதவாடல். பட்ட கொடியை வேரோடு எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு ஒரு சதவீத போர்டோக் கலவை அடியுங்கள். பத்து லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. ஒரு இரும்பு ஆணியை அதில் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அர்த்தம், இன்னும் சேருங்கள். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒருமுறை, நடுவில் கிடைக்கும் வெயிலில் ஒருமுறை. (பிரான்சின் போர்டோப் பக்கம் திருடர்கள் பறிக்காமல் இருக்கத் திராட்சைக் கொடியில் இதைத் தெளித்து வைக்க, அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததைக் கவனித்ததில் பிறந்த மருந்து இது.) அடிக்கும்போது கோழிகளை அடைத்து வையுங்கள்.

வாழைக்கு இவ்வளவு பாடு இல்லை. காற்றுக்கு முன் ஊன்றுகால் கொடுங்கள், அடியில் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுங்கள், புள்ளி விழுந்த இலையை அறுத்துவிடுங்கள். மட்டி வாழை வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒரு முட்டுக் கொடுத்தாலும் நஷ்டமில்லை, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். சந்தேகம் வந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கோழியைத் தோட்டத்துக்குள் விடலாமா?

மரங்களுக்கு அடியில் தாராளமாக. காய்கறிப் பாத்தியில் அறுவடை முடிந்த பிறகு மட்டும். ஈரமண்ணை ஒரு கோழி அரைமணி நேரம் கிளறினால் இஞ்சிப் பாத்தி சமமாகிவிடும். மழைக்காலத்தில் ஈரமண்ணைக் கொத்தித் தின்பதால் குடற்புழுவும் ஏறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் சொல்லும் புழுநீக்க மருந்து கொடுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் நான்கைந்து கோழி செத்துவிட்டது. என்ன செய்வது?

தின்னாதீர்கள், ஓடையில் வீசாதீர்கள், கறிக்கடைக்கும் கொடுக்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் உண்டு. பறவைக்காய்ச்சல் கேரளத்தின் ஆலப்புழையில் 2014, 2021, 2024 என்று பலமுறை வந்திருக்கிறது, நமக்கு அது தூரமில்லை. அவர்கள் பார்த்த பிறகு ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டு, கிணற்றுக்குத் தள்ளிப் புதையுங்கள்.

மழை விட்டு வெயில் அடித்தது. கோழி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கையையும் காலையும் நீட்டிக் கண்ணை மூடிக் கிடக்கிறது. கழிச்சலா?

ஓடிப்போய்த் தூக்காதீர்கள். அது வெயில் காய்கிறது. பத்து நாள் ஈரத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெயிலில் பதினெட்டும் அப்படித்தான் முற்றத்தில் கிடக்கும். முதன்முதலில் பார்த்த அன்று எனக்கும் நெஞ்சு பதறியது. சேவல் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. கூரைக்கு அடியில் ஒரு பெட்டியில் சாம்பலும் காய்ந்த மணலும் வைத்துவிட்டால் மழை நாளிலும் அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். வெயில் வந்தால் அந்தப் பெட்டியையும் அதன் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு, நீங்கள் போய்க் கூளத்தைக் கிளறுங்கள்.